டிஜே பெலானோ போட்ட பாட்டு

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்தான் வரவில்லை.

ஹிஷாமின் போன் கடையில், கண்ணாடி அலமாரிக்கு மேல் இருந்த இரண்டு பஃபல் ஸ்பீக்கர் பெட்டிகளிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. கணினித் திரையில் வினாடிகள் நகர்ந்தன. வெளியே மஸ்கெலியா பஸாரில் தூறல் தகரத்தில் விழுவதும், பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவரின் தகடுகள் கல்லில் மோதுவதும், ஹட்டன் பஸ்ஸின் நடத்துனர் ஆள் கூப்பிடுவதும் பழனியாண்டிக்குத் தெளிவாகக் கேட்டன. பாட்டு மட்டும் கேட்கவில்லை. ஹிஷாமோ கண்ணை மூடிக்கொண்டு, தாடையை முன்னும் பின்னும் வெட்டியபடி, யாருடைய மெமரி சிப்புக்கோ பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். சிப்புக்காகக் காத்திருந்த த்ரீவீல் சாரதிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோளைக் குலுக்கினார்கள். குலுக்கி, நிறுத்தி, மறுபடி ஒன்றாகக் குலுக்கினார்கள்.

வயர் கழன்றிருக்கும் என்று பழனியாண்டி நினைத்தான். எட்டிப் பார்த்தான். கழன்றிருக்கவில்லை.

"மச்சான், இத கேட்டீக்கியா?" என்றான் ஹிஷாம், கண்ணைத் திறக்காமல். "தீவாளிக்கு கொழும்புலருந்து வந்த பொடியனுகள் கொண்டு வந்த ரீமிக்ஸ். ஊரெல்லாம் இதுதான். எவன் போட்டான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. டேக் இல்ல."

டேக் என்பது பாட்டின் நெற்றியில் ஒட்டுகிற பெயர். ரீமிக்ஸ் போடுகிறவன் தன் பெயரைத் தானே கனத்த குரலில் சொல்லி, எதிரொலி சேர்த்து, பாட்டின் தொடக்கத்தில் வைப்பான். டேக் இல்லாத பாட்டு பஸ்ஸின் கடைசி இருக்கையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொதி மாதிரி. முதலில் கை வைத்தவனுடையது.

பழனியாண்டிக்கும் ஒரு டேக் இருந்தது. அதில் அவன் பழனியாண்டி இல்லை, டிஜே பெலானோ. விசிட்டிங் கார்டில் 'இண்டர்நேஷனல் சவுண்ட் ஆர்ட்டிஸ்ட்' என்று போட்டிருந்தது. கத்தாரில் இருக்கும் சித்தப்பா மகன் அவனுடைய ரீமிக்ஸ் ஒன்றைத் தன் அறையில் ஓடவிட்டு வீடியோ அனுப்பியதிலிருந்து அவன் இண்டர்நேஷனல். தோட்டத்தில் மட்டும் எல்லாரும் ஆண்டி என்றே கூப்பிட்டார்கள். அது அவனுக்கு எரிச்சல்.

வேறு யாராயிருந்தாலும் "எனக்குக் கேக்கலியே" என்று சொல்லியிருப்பார்கள். ஒரு டிஜே அப்படிச் சொல்ல முடியுமா? காது கேட்காத டிஜே என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், அது பஸ்ஸுக்கு முன்னால் ஹட்டன் போய்ச் சேரும். பழனியாண்டி தலையைச் சாய்த்து, விரலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு. நடுவுல க்ளாரிட்டி பத்தல," என்றான். "மத்தபடி ஓகே."

சாரதிகளில் ஒருவரான வீரய்யா அவனை மரியாதையோடு பார்த்தார். "போட்ட ஆளு மாதிரியே சொல்றீங்களே தம்பி."

பழனியாண்டி சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் கண்ணாடியில் பலமுறை பழகியிருந்தான்.

ஹிஷாம் கண்ணைத் திறந்தான். "டேய், நீயாடா போட்ட?"

"நாமளா வாயால சொல்லிக்கக் கூடாதுல்ல மச்சான்."

அன்று பின்னேரம், தோட்டத்தில் தொழிலாளர் வீடுகளின் வரிசையான லயத்துக்குத் திரும்பி, மடிக்கணினியில் அந்தப் பாட்டைத் திறந்தான். திரையில் சத்தத்தின் மேடு பள்ளங்கள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு நேர்கோடு கிடந்தது. பெரிதாக்கினான். நேர்கோடு. பெரிய ஹெட்போனை மாட்டி, வால்யூமை முழுக்கத் திறந்தான். தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது, தகரக் கூரையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது, அடுப்பில் ஈர விறகு சீறுவது கேட்டது. பாட்டில் ஒன்றுமில்லை.

அவனுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. போன வருஷம் முழுக்கத் தேயிலை ஃபேக்டரியின் ரோலர் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்து, கோவில் மணியோடு கலந்து, அடியில் ஹவுஸ் பீட் ஓடவிட்டு 'ஃபேக்டரி ட்ரொப்' என்று ஒன்று செய்தான். இராத் தூக்கம் கெட்டுச் செய்தான். 'மலையக பீட்ஸ் ஒஃபிஷல்' வாட்ஸ்அப் குழுவில் அதற்கு ஒரே ஒரு கட்டைவிரல் கிடைத்தது. அதுவும் அவனே தன் இன்னொரு சிம்மிலிருந்து போட்டது. இந்த ஒன்றுமில்லாததற்கு ஊரே தோள் குலுக்குகிறது.

அந்தக் கோபத்திலேயே தன் டேக்கை எடுத்து நேர்கோட்டின் தலையில் ஒட்டினான். குழுவில் போட்டான்.

அடுப்படிக்குப் போவதற்குள் போன் துடிக்க ஆரம்பித்தது. நெருப்பு, இதயம், கும்பிடு. 'பெலானோ அண்ணா வேற லெவல்.' பெலானோ அண்ணா. ஆண்டி இல்லை. நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒருவன், நுவரெலியாவிலிருந்து ஒருவன், அவன் பெயரையே கேட்டிராத யார் யாரோ. பழனியாண்டி ஒவ்வொன்றுக்கும் 'நன்றி, இது வெறும் ஆரம்பம்' என்று பதில் போட்டான்.

அம்மா பேச்சியம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, ஈரச் சாக்கைக் கதவோரம் உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே தெரியும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவனுடைய குரல் வந்தது: "டிஜே பெலானோ... லானோ... லானோ..." பிறகு அமைதி. அம்மாவின் கை நின்றது. மெதுவாக அவள் தலை அசைந்தது.

அவனுடைய பாட்டுகளைப் பற்றி அம்மா இதுவரை சொன்னது ஒன்றுதான். சத்தத்தைக் குறை என்பது.

"இன்னிக்கித்தான்டா நீ போட்டது பாட்டா இருக்கு," என்றாள். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இந்த எடம் வர்றப்ப அழுகையா வருது."

"எந்த எடம்மா?"

"நீதான போட்ட. என்னயக் கேக்குற." அவள் தோள் இடப்பக்கம் சரிந்து, வலப்பக்கம் சரிந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அம்மா அழுகிற அந்த இடத்தைத் தேடி, அன்றைக்குச் சாப்பாடு ஆறும்வரை பழனியாண்டி நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளில் கண்டாக்கய்யா கூப்பிட்டார். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமி. கோவில் திருவிழாவில் "இந்த எரைச்சல நிப்பாட்டச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பி பழனியாண்டியின் சவுண்ட் செட்டை மூடவைத்தவர்.

"தம்பி பெலானோ," என்றார் போனில். "நம்ம மக சுலக்ஷனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுல கொழும்பு டிஜேயக் கூப்பிடுவோம்னாங்க. நான் சொன்னேன், நம்ம தோட்டத்துலயே உலகத்தரமான கலைஞர் இருக்காரே, சின்ன வயசுலருந்து நாந்தான ஊக்கம் குடுத்தேன்னு."

"ஆமாங்கய்யா," என்றான் பழனியாண்டி.

"அந்தப் பாட்டு மட்டும் மறக்காம."

கண்டாக்கு வீட்டுக் கல்யாணம். பேனரில் பெயர். மேடையில் மேசை. அங்கே கைதட்டல் வாங்கிவிட்டால் அப்புறம் தோட்டத்தில் எவன் ஆண்டி என்று கூப்பிடுவான்? அந்த நேர்கோட்டை வைத்துக்கொண்டு மேடையேற வேண்டும், அவ்வளவுதான். அதன்பிறகு 'ஃபேக்டரி ட்ரொப்' போட்டாலும் கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு வயர் வாங்க ஹட்டன் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவனுடைய டேக் ஒலித்தது. பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். டேக் முடிந்தது. இன்ஜின் உறுமல், வளைவில் டயர் நீரைக் கிழிக்கும் சத்தம், ஈரக் குடைகளின் வாடை. பஸ் முழுக்கத் தலைகள் அசைந்தன. நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள், மீதிச் சில்லறையை நீட்டிய நடத்துனர், எல்லாரும் ஒன்றாக.

அப்போது சாரதியின் போன் அடித்தது. பாட்டு அந்தப் போனிலிருந்துதான் ஓடியது. அதனால் பஃபல் பெட்டிகளில் ரிங்டோன் அலறியது. சாரதி போனை எடுத்துக் காதில் வைத்து, சிங்களத்தில் யாரிடமோ டயரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார். பாட்டு நின்றுவிட்டது. திரையிலும் நின்றிருக்கும்.

தலைகள் நிற்கவில்லை.

பழனியாண்டிக்கு முன் இருக்கையில் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம். அவள் நெற்றி கண்ணாடியில் தட்டியது. டொக். டொக். டொக். வளைவுக்கும் பள்ளத்துக்கும் சம்பந்தமில்லாமல், ஒரே சீராக. டொக். நெற்றி சிவந்திருந்தது.

அவன் தன் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கினான். பனிமூட்டம் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. பாதைக்கு மேலே தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நிரையில் நின்றார்கள். பாதி உடம்பு மூட்டத்துக்குள். கைகள் மட்டும் தெரிந்தன. வழக்கமாக ஆளுக்கொரு வேகத்தில் போகிற கைகள். இன்று அத்தனையும் ஒன்றாக இறங்கி, ஒன்றாகக் கிள்ளி, ஒன்றாக முதுகுப்பக்கம் போயின. யாரும் பேசவில்லை. யாரிடமும் போன் தெரியவில்லை.

நாளைக்குப் போட வேண்டாம் என்று அவன் நினைத்தான். அப்படியே நடந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது பேனரின் படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. மணமக்களைவிட அவனுடைய பெயர் பெரிதாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அவன் நின்றிருந்தான். பின்னால் கோபுரம் ஒன்று. எந்த நாட்டுக் கோபுரம் என்று அவனுக்குத் தெரியாது.

போடலாம் என்று முடிவு செய்தான்.

கல்யாண மண்டபம் நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்தது. பகல் சாப்பாடு முடிந்து, ஜன்னல்களில் மூட்டம் வந்து ஒட்டிக்கொண்ட நேரம். முன் வரிசைகளில் தோட்டத்து உத்தியோகத்தர்கள். பின்னால் கதவோரம் பிளாஸ்டிக் கதிரைகளில் லயத்துச் சனம். அம்மா அங்கேதான் இருந்தாள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கோட்டுப் போட்டிருந்த செல்லசாமி மேசை மேசையாகப் போய், "நான் வளத்த பிள்ள" என்று பழனியாண்டியைக் காட்டினார்.

பழனியாண்டி முதலில் தன்னுடைய சொந்த ரீமிக்ஸ்களைப் போட்டான். 'ஃபேக்டரி ட்ரொப்'பைப் போட்டான். ரோலர் மெஷின் உறுமியது, மணி அடித்தது, பீட் இறங்கியது. ஒருவர் பல்லைக் குத்தினார். இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்தின. மணப்பெண் சுலக்ஷனா மேடையிலிருந்து இறங்கி அவனிடம் வந்தாள்.

"அண்ணே, நல்ல பாட்டு எதும் இல்லியா?"

"இது என்னோட மாஸ்டர்பீஸ் தங்கச்சி."

"அதான். மத்தத போடுங்க."

மேசை மேல் குத்தினால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு. அந்த நேர்கோட்டுக் கோப்பைத் திறந்தான். பொத்தானை அமுக்கினான்.

"மலைநாட்டின் ஒரே குரல்... டிஜே பெலானோ... லானோ... லானோ..."

அமைதி.

கதிரைகள் தள்ளப்படும் சத்தம். மொத்த மண்டபமும் எழுந்தது. கண்டாக்குகளும் கிளாக்கர்களும் அவர்கள் மனைவிமாரும் பின்வரிசைச் சனமும் நடுவே வந்து கலந்தார்கள். முன்வரிசை பின்வரிசை இல்லாமல் அந்தத் தோட்டம் கூடி நின்றதை அவன் கண்டதில்லை. கால்கள் இறங்கின. இருநூறு முந்நூறு கால்கள், ஒரே அடியாக, பலகைத் தரையில். தொம். தொம். வளையல்கள். தொம். அந்தக் கால்களிலிருந்துதான் அவன் முதன்முதலாக அந்தப் பாட்டின் தாளத்தைக் கேட்டான். நல்ல தாளம். அவனால் போட முடியாத தாளம்.

அவனும் கையைத் தூக்கினான். எந்தக் குமிழையும் தொடாமல் எல்லாக் குமிழையும் திருகினான். ஒரு மண்டபம் அவனுக்காக ஆடியது. தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பது, அந்த நேரத்தில், ஒரு குறையாகவே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீடியோக்காரர் கமராவைத் தரையில் வைத்துவிட்டு ஆட வந்தார். பரிமாறியவர்கள் தட்டுகளோடு வந்தார்கள். ஹிஷாம் வந்தான். மணமகளின் மாலை பிய்ந்து, பூக்கள் காலடியில் நசிந்து, வியர்வையும் செவ்வந்தியும் கலந்த ஒரு வாடை எழுந்தது. சோடாப் போத்தல்கள் இருந்த மேசை சாய்ந்தது. கண்ணாடி உடைந்து தரையெங்கும் சிதறியது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. கால்கள் அதன் மேலேயே இறங்கின. தொம் என்ற சத்தத்தோடு நறநறவென்று இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது.

பழனியாண்டி சத்தத்தைக் குறைத்தான். பிறகுதான் எதைக் குறைக்கிறோம் என்று தோன்றியது. பாட்டை நிறுத்தினான்.

கால்கள் நிற்கவில்லை.

வயரைப் பிடுங்கினான். மடிக்கணினியை மூடினான். கால்கள் வேகம் கூட்டின. முகங்கள் மாறியிருந்தன. சிரிப்புப் போய்விட்டது. வாய்கள் திறந்து காற்றுக்குத் தவித்தன. மாப்பிள்ளையின் மாமா வாந்தியெடுத்தார், ஆடிக்கொண்டே. ஒரு பெண்ணின் தோளில் தூங்கிய கைக்குழந்தையின் கால்கள் காற்றில் உதைத்தன. அதே தாளம்.

செல்லசாமி மேசைக்கு எதிரே ஆடிவந்தார். கோட்டு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

"போதும் தம்பி. நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டிட்டேங்கய்யா."

அவர் காதருகே கையைக் குவித்தார். "என்ன?"

"மச்சான், மூச்சு எடுக்க ஏலாம ஈக்கி," என்றான் ஹிஷாம். உதடு நீலமாக இருந்தது. "ஓஃப் பண்ணு."

"நிப்பாட்டுங்கண்ணே," என்றாள் சுலக்ஷனா. அழுதுகொண்டிருந்தாள். தோள் இடம், வலம். "ஒங்களுக்குத்தான தெரியும். நீங்கதான போட்டது."

அவன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தான். விளக்குகள் அணைந்தன. ஜன்னல்களின் சாம்பல் வெளிச்சம் மட்டும். அதில் தலைகள். ஏறி, இறங்கி. தொம். தொம். தொம்.

பழனியாண்டி மேடைக் கதிரையில் ஏறி நின்றான்.

"நான் போடல," என்று கத்தினான். "எவன் போட்டதோ எனக்குத் தெரியாது. எனக்கு இந்தப் பாட்டு கேக்கவே இல்ல. ஒரு நாளும் கேக்கல. நான் பொய் சொன்னேன்."

குரல் கூரையில் பட்டுத் திரும்பிவந்தது. ஒவ்வொரு சொல்லும் அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. கீழே இருந்தவர்கள் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். வருத்தத்தோடு தலையாட்டினார்கள். ஒவ்வொருவராகக் கையைக் காதருகே கொண்டுபோய்க் குவித்தார்கள்.

மறுபடி கத்தினான். பெயரைச் சொல்லிக் கத்தினான். பழனியாண்டி. நான் ஆண்டி. ஆண்டிதான்.

கைகள் காதில். தலைகள் அசைந்தன. கேட்கவில்லை என்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். செருப்பு இல்லை. பாதங்கள் இருந்த இடத்தில் சிவப்பாக, வடிவமில்லாமல் இரண்டு, ஏறியும் இறங்கியும், கண்ணாடிச் சில்லுகளோடு. அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு எம்பி, அவன் கழுத்தை வளைத்து இழுத்து, வாயை அவன் காதோடு வைத்தாள். செட்டுப் பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் கத்துவதுபோல, தொண்டை நரம்பு புடைக்க, அந்த அமைதியில் கத்தினாள்.

"ஒண்ணுமே கேக்கலடா சாமி. சத்தத்தக் கொறச்சிட்டுச் சொல்லு."